பச்சைத் தோலும் இரும்பு எலும்பும்

நியூயார்க் துறைமுகத்தில் நிற்கும் சுதந்திர தேவி சிலை 1886-ல் திறக்கப்பட்டபோது செம்பு நிறத்தில் மின்னியது. இன்று பச்சை. மழையும் கடற்காற்றும் ஏற்றிய களிம்பு அது. 1906 வாக்கில் இதைப் பார்த்துப் பதறி, பெயின்ட் அடித்து மறைக்கலாமா என்று யோசித்தார்கள். மக்கள் எதிர்த்ததால் நல்லவேளையாகக் கைவிட்டார்கள். வெறும் 2.4 மில்லிமீட்டர் கனமுள்ள செம்புத் தகட்டுக்கு அந்தக் களிம்புதான் கவசம்.

தங்கம், பிளாட்டினம் போன்ற சிலவற்றை விட்டால், எந்த உலோகமும் காற்றோடு சேர்ந்து மாறத்தான் செய்யும். அலுமினியம் இரும்பைவிட ஆவலாக ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். ஆனாலும் அலுமினியச் சட்டி உதிர்வதில்லை. அதன்மேல் உருவாகும் ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியாத படலமாக இடைவெளியின்றி ஒட்டிக்கொண்டு, உள்ளே காற்று புகாமல் தடுத்துவிடுகிறது. இரும்பின் துருவுக்கு இந்தக் குணம் கிடையாது. அது பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உப்பும், வெடிக்கும், செதில் செதிலாக உதிரும். அடியில் புது இரும்பு வெளிப்பட, அதுவும் துருவாகும்.

சுதந்திர தேவியின் உள்ளே இருந்தது இரும்புச் சட்டம். வடிவமைத்தவர் குஸ்தாவ் ஈஃபில். செம்பும் இரும்பும் தொட்டுக்கொண்டு நடுவே உப்பு ஈரமும் சேர்ந்தால் அது ஒரு மின்கலம். எலக்ட்ரான்களை இழந்து கரைவது இரும்பு, தப்பிப்பது செம்பு. இது தெரிந்துதான் இரண்டுக்கும் இடையே அரக்கில் தோய்த்த கல்நாரை வைத்தார்கள். காலப்போக்கில் அது நைந்து, ஈரத்தைத் தேக்கி வைக்கும் இடமாகிவிட்டது. 1980-களின் தொடக்கத்தில் பொறியாளர்கள் உள்ளே ஏறிப் பார்த்தபோது, உப்பிய துரு, சட்டத்தின் இரும்புப் பட்டைகளைத் தாங்கிய செம்புக் கவ்விகளை நெம்பி ரிவெட்டுகளையே பிடுங்கியிருந்தது.

1984 முதல் 1986 வரை பழுதுபார்த்தார்கள். தகடு தொய்ந்துவிடக் கூடாதே என்று ஒரே நேரத்தில் சில இரும்புப் பட்டைகளை மட்டும் கழற்றி, அதே வளைவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டை செய்து மாட்டினார்கள். எவ்வளவு பொறுமையான வேலை! நம் வீட்டு எவர்சில்வர் தட்டைப் போலவே அதிலும் குரோமியம் உண்டு. அதன் ஆக்சைடு படலம் கீறினாலும் தானாக மூடிக்கொள்ளும். இம்முறை செம்புக்கும் எஃகுக்கும் நடுவே டெஃப்லான் வைத்தார்கள்.

சட்டத்தைத் தாங்கி உள்ளே நிற்கும் நடுக்கோபுரத்தை மாற்றவில்லை. ஈஃபில் காலத்து இரும்பேதான். அதன்மேல் துத்தநாகம் கலந்த பூச்சு அடித்திருக்கிறார்கள். ஈரம் பட்டால் இரும்புக்கு முன்னால் துத்தநாகம் கரையும்.