மகப்பேறு வாய்க்காத தம்பதியர்: இருவருக்கும் உரிய பரிசோதனை

சித்தூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் வாழும் தம்பதியரை எடுத்துக்கொள்வோம். மணமாகி எட்டு ஆண்டுகள் ஆகியும் மகப்பேறு இல்லை. திருமலைக்கு நேர்ந்துகொண்டு முடியிறக்கி வந்துள்ளனர். நாட்டு மருந்தும் உண்டாயிற்று. இதற்கிடையில் மனைவி பல மருத்துவர்களைக் கண்டுவிட்டாள். கணவனோ ஒரு முறையேனும் சோதனைக்கு உட்பட்டதில்லை. இத்தகைய வீடுகளைக் களப் பணியாளர்கள் நன்கறிவர்.

நம் மொழியும் இவ்வநீதிக்கு ஓரளவு துணை நிற்கிறது. 'மலடி' என்னும் ஏச்சு அடிக்கடி செவியில் விழுகிறது. 'மலடன்' என்று எவரும் சொல்லக் கேட்பது அரிது. ஆகவே அச்சொற்களை விடுத்து, 'கருத்தரியாமை' என்றே ஈண்டு எழுதுவோம்.

கருத்தடை முறை எதனையும் கையாளாது பன்னிரண்டு மாதங்கள் கூடி வாழ்ந்தும் கருத்தரிக்காவிடில், அதனை உலகச் சுகாதார நிறுவனம் கருத்தரியாமை எனக் கொள்கிறது. மனைவிக்கு 35 வயது கடந்திருப்பின் ஆறு மாதங்களிலேயே மருத்துவரை நாடுதல் வேண்டும். உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் இதனை எதிர்கொள்கின்றனர் என்று அந்நிறுவனம் 2023ஆம் ஆண்டில் அறிவித்தது. கணவனிடமுள்ள குறை, தனித்தோ மனைவியின் குறையோடு சேர்ந்தோ, ஏறத்தாழப் பாதித் தம்பதியரிடம் காணப்படுகிறது.

அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 14 நாட்களுக்கு முன்னர்ச் சூற்பையினின்று சினைமுட்டை வெளிப்படுகிறது. அது உயிர்ப்புடன் இருப்பது ஒரு நாள் அளவே. விந்தணுவோ பெண்ணின் உடலில் ஐந்து நாட்கள் வரை உயிர்த்திருக்கக்கூடும். இரண்டும் கருக்குழாயிற் சந்திக்கின்றன. அக்குழாய் அடைபட்டிருந்தால் சந்திப்பு நிகழாது. குழாய் அடைபடுவதற்கு நம் நாட்டில் காசநோயும் ஒரு முக்கியக் காரணமாகும். இருமலே இல்லாமலும் அந்நோய் கருப்பையையும் குழாயையும் தாக்குவதுண்டு.

சோதனைகளுள் எளியதும் செலவு குறைந்ததும் கணவனின் விந்துச் சோதனையே. இரண்டு முதல் ஏழு நாட்கள் வரை உறவு தவிர்த்தபின் அதனைச் செய்தல் வேண்டும். ஒரு மில்லிலிட்டரில் 1.6 கோடி விந்தணுக்கள் என்பது கீழ் எல்லையாகக் கொள்ளப்படுகிறது. விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதங்களுக்கு மேலாகிறது. அதற்குள் கடுங்காய்ச்சல் வந்திருப்பின் எண்ணிக்கை குறைந்து காணலாம். ஆதலின் ஒரே சோதனையைக் கொண்டு முடிவு கட்டாமல், மூன்று மாதங்கள் கழித்து மீண்டும் பார்ப்பது முறை.

சினைமுட்டை ஒழுங்காக வெளிப்படாத பெண்கள் பலருக்கு மாத்திரைகளே பயன் தருகின்றன. அனைவருக்கும் சோதனைக் குழாய் முறை தேவையில்லை. இரு கருக்குழாய்களும் அடைபட்டவர்க்கே அம்முறை முதலில் வகுக்கப்பட்டது. 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் அவ்வகையில் முதற் குழந்தை பிறந்தது. பத்து வாரங்களில், அக்டோபர் 3 அன்று, கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் மற்றொரு குழந்தை பிறந்தது. அதன் தாய்க்கும் கருக்குழாய்களிலேதான் குறை. அவர் கருவை உறைய வைத்துப் பின்னர்க் கருப்பையிற் செலுத்தினார். உறைய வைத்த கருவினின்று பிறநாட்டில் குழந்தை பிறந்தது 1984ஆம் ஆண்டில்தான். ஆயினும் மாநில அரசு அமைத்த குழு அவர் கூற்றை நம்பவில்லை. 1981இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986இல் பம்பாயில் வெற்றி கண்ட விஞ்ஞானி டி. சி. ஆனந்தகுமாரே, முகர்ஜியின் குறிப்புகளை ஆராய்ந்து, முதன்மை அவருக்கே உரியதென 1997இல் எழுதினார். அறிவியல் வரலாற்றில் இத்தகைய பெருந்தன்மை அடிக்கடி காணக் கிடைப்பதன்று.

விந்தணு மிகக் குறைந்தோருக்கு, ஒரே அணுவை முட்டையினுள் ஊசியாற் செலுத்தும் முறை 1992இல் பெல்ஜியத்திலிருந்து வெளியிடப்பட்டது. எனினும் ஒரு முறை செய்த சிகிச்சை பெரும்பாலும் குழந்தையில் முடிவதில்லை. பெண்ணின் வயது ஏற ஏற வாய்ப்பு மேலும் குறைகிறது. நிலத்தை அடகு வைக்கப் புறப்படும் குடும்பத்திற்கு இதனை முன்கூட்டியே சொல்லுதல் கடமை.

2019இல் குண்டூரில் எழுபது வயது கடந்த ஒரு பெண்மணி இம்முறையால் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றார். அவ்வயதில் இச்சிகிச்சைக்கு இன்று இடமில்லை. 2022 ஜனவரி 25 முதல் நடைமுறைக்கு வந்த 2021ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என வயது வரம்பு விதித்துள்ளது. பதிவு பெறாத நிலையம் எதுவும் இச்சிகிச்சையை நடத்தலாகாது. பதிவுச் சான்றைக் கேட்டுப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

சித்தூரிலிருந்து வேலூர் 35 கிலோமீட்டர் அளவிலும், 1960இல் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்ற திருப்பதி அதனினும் இரு மடங்கு தொலைவிலும் உள்ளன. எங்குச் செல்லினும் இருவரும் சேர்ந்தே செல்லுமாறு கூறுக. கணவனிடம் ஆண் சுகாதார ஊழியரோ ஊர் ஆசிரியரோ தனியே பேசுவது பெரும்பாலும் பயனளிக்கும். பழைய சோதனைத் தாள்கள் அனைத்தையும் தேதி வாரியாக அடுக்கி எடுத்துச் சென்றால், செய்த சோதனையையே மீண்டும் செய்யும் செலவு மிஞ்சும்.