கிண்ணம் அகலாத வேளையில்



“நான் யாருக்கு என்ன தீங்கு செய்தேன் சுவாமி? ஆண்டவர் ஏன் என்னை இப்படிச் சோதிக்கின்றார்?” செத்தவீட்டிலும் நோயாளியின் கட்டிலருகிலும் குருக்களாகிய நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. காணாமற்போன பிள்ளையைத் தேடித் தேடியே முதுமை எய்திய தாய் இதைக் கேட்கின்றாள். தீராத நோயினால் தொழிலை இழந்த குடும்பத் தலைவனும் இதையே கேட்கின்றான்.

இக்கேள்விக்கு அவசரப்பட்டு விடை கூறுதல் ஆபத்தானது. யோபுவின் நண்பர்கள் செய்த பிழை அதுவே. அவர்கள் ஏழு நாட்கள் ஒன்றும் பேசாது அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாய் திறந்ததும், குற்றம் செய்தவனுக்கே துன்பம் வரும் என்று வாதிடத் தொடங்கினார்கள். நூலின் முடிவிலே இறைவனின் சினம் அந்நண்பர்கள் மீதே மூண்டது. முறையிட்டு அழுத யோபுவே சரியாகப் பேசினார் என்றார் இறைவன். இன்றும் துயருற்றோரிடம் வந்து சாபக்கணக்குப் பேசுவோர் நம்மிடையே உளர். யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தை அவர்கள் ஒருமுறை வாசிப்பது நன்று.

துன்பம் தன்னிலே நல்லதென்று திருச்சபை போதிப்பதில்லை. கெத்சமனித் தோட்டத்திலே நம் ஆண்டவரும் அக்கிண்ணம் தம்மைவிட்டு அகல வேண்டுமென்றே மன்றாடினார். கிண்ணம் அகலவில்லை. ஆனால், வானதூதர் ஒருவர் தோன்றி அவரைத் திடப்படுத்தினார் என்று லூக்கா எழுதுகின்றார். தம் உடலில் தைத்த முள் நீங்கும்படி மூன்று முறை வேண்டிய பவுலடியாருக்கும் முள் நீங்கவில்லை. அதைத் தாங்குவதற்கான அருளே கிடைத்தது. வேண்டுதல் கேட்கப்படவில்லை என்று மனம் சோர்ந்திருப்பவர்களே, இவ்விரு பகுதிகளையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள்.

அந்த அருள் எப்படி வந்து சேருகின்றது? நமது மண்ணின் வரலாறே இதற்கு நல்ல விளக்கம். 1658இல் யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தர் கைப்பற்றிய பின்னர் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மேய்ப்பரின்றி இருந்த மக்களைத் தேடி, 1687இல் கோவாவிலிருந்து புனித யோசப் வாஸ் அடிகளார் வந்தார். கூலியாள் வேடம், கையில் பணமில்லை. வந்த உடனேயே வயிற்றோட்ட நோய் அவரை வீழ்த்தியது. தொற்றுக்கு அஞ்சி மக்கள் விலகினர். பெண்ணொருவர் கொண்டுவந்து கொடுத்த கஞ்சியே அவரை உயிரோடு வைத்தது என்று அவரது வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். மறைபரப்ப வந்தவர் முதலில் பெற்றது ஒரு குவளை கஞ்சி! கெத்சமனியின் வானதூதர் நம் நாட்டிலே இப்படித்தான் வருகின்றார் போலும்.

நலமடைந்த அடிகளார் கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். செபமாலையைக் கண்டு யாருடைய முகம் மலர்கின்றதோ, அவ்வீடு கத்தோலிக்க வீடென்று அறிந்துகொண்டார். சில்லாலை மக்கள் அவரை மறைத்துக் காத்தார்கள். பின்னர் 1692இல் கண்டியில் போர்த்துக்கேய ஒற்றர் என்று குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறையிடப்பட்டார். அந்தச் சிறையை அவர் வீணாக்கவில்லை. அங்கிருந்தே சிங்களம் கற்றார். 1697இல் கண்டியிலே அம்மைநோய் பரவி, உறவினரே நோயாளரைக் காட்டில் கைவிட்ட வேளையில், அவர் குடிசைகள் அமைத்து அவர்களின் புண்களைக் கழுவினார். இறந்தோரை அடக்கம் செய்தார். ஒரு காலத்தில் நோயுற்றுக் கைவிடப்பட்டுக் கிடந்தவருக்கு, அப்படிக் கிடப்போர் அந்நியராகத் தோன்றியிருக்க மாட்டார்கள்.

2015 ஜனவரி 14ஆம் நாள் காலை, காலிமுகத்திடலிலே திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். அன்று பிற்பகலே திருத்தந்தை மடுவுக்கு வந்தார். அங்கே கூடியிருந்தவர்களுள் போரிலே உறவுகளை இழந்த தமிழரும் இருந்தனர், சிங்களவரும் இருந்தனர். அவர்கள் கண்ணீரோடு நோக்கிய மடு அன்னையின் திருச்சொரூபத்திற்கும் இடப்பெயர்வு புதிதல்ல. ஒல்லாந்தர் காலத்தில் மாந்தையிலிருந்து காட்டு வழியே கொண்டுசெல்லப்பட்ட அத்திருச்சொரூபம், 2008 ஏப்ரலில் மீண்டும் பீடத்தினின்று இறக்கப்பட்டுத் தேவன்பிட்டிக்குச் சென்றது. அவ்வாண்டு ஆகஸ்டிலே அது மடுவுக்குத் திரும்பி வந்தது.