கோடு மட்டும் போதாது, அளந்து காட்டச் சொல்லுங்கள்

தென்காசியில் இருந்து கடையநல்லூர், புளியங்குடி வழியாக ராஜபாளையம் போகும் நெடுஞ்சாலையில் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த வரிசை பழக்கமானது. டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகினால் ‘பி 0010’ என்ற பழுதுக் கோடு (code) வருகிறது. “விவிடி வால்வு போயிருச்சுண்ணே, மாத்திருவோம்” என்கிறார்கள். மாற்றிய மறுவாரமே விளக்கு மறுபடி எரிகிறது. அடுத்து சென்சார். அதுவும் சரிவரவில்லை என்றால் கடைசியில் இசிஎம், அதாவது இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரே. ஆயிரங்களில் தொடங்கிய பில் பல்லாயிரத்தில் போய் நிற்கிறது. பழுதோ, பெரும்பாலும், முதல் நாள் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இந்த இழப்பில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது. ‘பி 0010’ எந்த பார்ட் கெட்டது என்று சொல்வதில்லை. இன்டேக் கேம்ஷாஃப்ட்டின் டைமிங்கை மாற்றும் சோலனாய்டின் மின்சுற்றில் எங்கோ கோளாறு என்று மட்டுமே சொல்கிறது. அந்தச் சுற்றில் சோலனாய்டு ஒரு பகுதிதான். பியூஸ், ரிலே, வயர், கப்ளர், எர்த், இசிஎம் எல்லாமே அதில் அடங்கும்.

வால்வுகள் எப்போது திறந்து மூட வேண்டும் என்பதை வேகத்துக்கும் பாரத்துக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டை மாருதி விவிடி என்கிறது, ஹூண்டாய் விடிவிடி என்கிறது, டொயோட்டா விவிடி-ஐ என்கிறது. மாற்றும் பலம் இன்ஜின் ஆயிலின் அழுத்தத்தில் இருந்து வருகிறது. ஆயிலைத் திருப்பிவிடும் குழாய்க் கதவுதான் இந்த சோலனாய்டு. உள்ளே ஒரு செப்புக் காயில். பல வண்டிகளில் அதற்கு ஒரு வயரில் பேட்டரியின் 12 வோல்ட் வரும், மற்ற வயரை இசிஎம் மிக வேகமாக விட்டுவிட்டு எர்த் செய்யும். ஆகவே கோளாறும் இரண்டு வகை. ஆயில் குறைந்தாலோ, கிரேடு தப்பினாலோ, கசடு அடைத்தாலோ பொதுவாக பி 0011, பி 0012 வரும். கரண்ட் ஓட்டத்தில் தடை என்றால் பி 0010. சிக்னல் தாழ்ந்து நின்றால் பி 2088, உயர்ந்து நின்றால் பி 2089. முதல் வகைக்கு ஆயிலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இரண்டாவதற்கு மீட்டரை எடுக்க வேண்டும்.

கப்ளரைக் கழற்றிப் பார்ப்பதில் இருந்து தொடங்குகிறது வேலை. பின்னில் பச்சை பூத்திருக்கிறதா, சோலனாய்டின் சீல் கசிந்து ஆயில் ஏறியிருக்கிறதா என்று கண்ணாலேயே பாதி தெரிந்துவிடும். பிறகு சோலனாய்டின் இரண்டு பின்னுக்கும் இடையே ஓம் பார்க்க வேண்டும். டொயோட்டாவின் பல இன்ஜின்களுக்கு 20 டிகிரியில் 6.9 முதல் 7.9 ஓம் என்பது கம்பெனி அளவு. மற்ற வண்டிகளுக்கு அந்தந்த மேனுவலில் இருக்கும். மீட்டர் எந்த அளவுமே காட்டாவிட்டால் காயில் கட். அளவு மிகக் குறைந்தால் உள்ளே ஷார்ட். எந்தப் பின்னுக்கும் சோலனாய்டின் உலோக உடலுக்கும் இடையே தொடர்பு இருக்கக் கூடாது. இன்ஜின் ஆறியிருக்கும்போது ஒருமுறை, சூடானபின் ஒருமுறை அளப்பது அவசியம். சூட்டில் மட்டும் கட்டாகும் காயில் காலையில் நல்ல பிள்ளையாகவே இருக்கும்.

அடுத்ததில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சாவியை ஆனில் வைத்து வயரிங் பக்கத்தில் மீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டும் (சில வண்டிகளில் இன்ஜின் ஓடினால்தான் வரும்). “சப்ளை ஓகே” என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகமிகச் சொற்பம். வயருக்குள் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் அது முழு 12 காட்டும். ஏழு ஓம் சோலனாய்டுக்கோ ஏறத்தாழ 1.7 ஆம்பியர் வேண்டும். இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பு இழுப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவே. சப்ளை பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அந்த பல்பைக் கொடுத்துப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் அந்த வயர் நல்ல வயர். மங்கினால் கோளாறு சோலனாய்டில் இல்லை, சப்ளை வரும் வழியில் இருக்கிறது.

மற்ற வயரை, பேட்டரியைக் கழற்றிவிட்டு, இசிஎம் வரை தொடர்ச்சி பார்க்க வேண்டும். பாடியோடு ஷார்ட் ஆகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சோலனாய்டு ‘டக்’ என்று அடிக்கிறதா என்று சோதிக்க, கப்ளரைப் பிரித்தபின் சோலனாய்டுக்கு மட்டும் ஒரு நொடி 12 வோல்ட் கொடுத்துப் பார்க்கலாம். வயரிங் பக்கம் நேரடியாகப் பேட்டரியைத் தொட்டால் நல்ல இசிஎம்மும் எரிந்துவிடக்கூடும். இவை அத்தனையும் சரியாக இருந்தால் மட்டுமே இசிஎம்மைச் சந்தேகிக்க நியாயம் உண்டு.

நம் ஊருக்கென்று சில காரணங்களும் உண்டு. வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வாங்கி நிறுத்திய கார்கள் இங்கே மாதக்கணக்கில் ஷெட்டில் கிடக்கின்றன. நின்ற வண்டியின் வயரை எலி கடிக்கும், சாரல் காலத்து ஈரத்தில் கப்ளர் பூக்கும், பேட்டரி இறங்கி வோல்டேஜ் தாழ்ந்து பொய்யான கோடுகளும் வரும். இப்படிப்பட்ட வண்டிக்கு முதலில் பேட்டரியை நிறைய சார்ஜ் செய்து, பழுதுக் கோடை அழித்து, மறுபடி வருகிறதா என்று பார்ப்பதே முறை.

விளக்கு எரிந்தாலும் வண்டி ஓடுகிறதே என்று விடுவதும் ஆபத்து. சுற்று கட்டானால் பெரும்பாலான இன்ஜின்களில் டைமிங் ஒரே நிலையில் நின்றுவிடும். பிக்கப் குறையும், மைலேஜ் குறையும். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் லாரியை ஓவர்டேக் செய்யும் நொடியில் பிக்கப் இல்லை என்றால் என்ன ஆகும் என்பதை அந்தப் பாதையில் ஓட்டியவர்கள் அறிவார்கள். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் அது மிஸ்ஸிங். வேகத்தைக் குறைத்து உடனே காட்டுங்கள்.

இனி உரிமை. காசு வாங்கிச் செய்யும் ரிப்பேர், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவை. அச்சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. என்ன பழுது, என்ன செலவு என்று அறியும் உரிமை உங்களுக்கு உண்டு. பில் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று அச்சட்டமே சொல்கிறது. “பில் போட்டா ஜிஎஸ்டி சேரும்ணே” என்ற பேச்சுக்கு மயங்கிப் பில்லை விட்டால், பின்னால் கேட்க ஆதாரம் இருக்காது. சோதனைக்குத் தனிக் கூலி கேட்டால் தாராளமாகக் கொடுங்கள், அது படித்த வேலை. பதிலுக்கு ஓம், சப்ளை, தொடர்ச்சி அளவுகளை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய சோலனாய்டைக் கேட்டு வாங்குங்கள். வழக்கு என்று வந்தால் ஆணையம் பொருளைச் சோதனைக்கு அனுப்பக்கூடும்.

தகராறு வந்தால் வண்டியை இழுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். செய்த வேலைக்கான கூலி வரும்வரை பொருளை வைத்துக்கொள்ள 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆவது பிரிவு ஒர்க்‌ஷாப்புக்கு உரிமை தருகிறது. பணத்தைக் கட்டி, பில்லிலேயே ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று எழுதி, போட்டோ எடுத்துக்கொண்டு வண்டியை எடுத்து வாருங்கள்.

மெக்கானிக்கை மட்டும் குறைசொல்வதும் நியாயமில்லை. சரியான ஸ்கேனரும் வயரிங் படமும் சிறு ஒர்க்‌ஷாப்களுக்குக் கிடைக்காமல் செய்தவர்கள் கார் கம்பெனிகள். ஷம்ஷேர் கட்டாரியா தொடுத்த வழக்கில் இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டு 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிப்பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்கு எட்டாமல் வைத்ததே குற்றச்சாட்டு. வெளியில் சர்வீஸ் செய்தார் என்பதற்காகவே வாரன்ட்டியை ரத்து செய்யக் கூடாது என்றும் அந்த உத்தரவு சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2016 டிசம்பரில் தீர்ப்பாயம் ஃபோர்டு, நிசான், டொயோட்டா மீதான முடிவை உறுதிசெய்து அபராதத்தைக் குறைத்தது. 2022 டிசம்பர் 24 அன்று மத்திய அரசு திறந்த ‘பழுதுபார்க்கும் உரிமை’ தளத்திலும் வாகனத் துறை சேர்க்கப்பட்டுள்ளது. இருந்தாலும் வாரன்ட்டி உள்ள வண்டியில் வயரை வெட்டி ஹார்னோ லைட்டோ சேர்க்காதீர்கள். மின்கோளாறுக்கு அதையே காரணம் காட்டி மறுப்பார்கள்.

பேசியும் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ருதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். வண்டியை மதுரையிலோ கொச்சியிலோ விட்டிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். குற்றால சீசனுக்குச் சொந்தமாக ஒரு டாக்ஸி ஓட்டிப் பிழைப்பவரும் நுகர்வோர்தான். ‘வணிக வாகனம், உங்களுக்குச் சட்டம் பொருந்தாது’ என்று யாராவது சொன்னால், பிழைப்புக்காகத் தாமே ஓட்டுபவருக்கு சட்டம் தந்திருக்கும் விலக்கைச் சுட்டிக்காட்டுங்கள். இதற்கெல்லாம் கால அவகாசம், குறை நேர்ந்த நாளில் இருந்து 2 ஆண்டுகள்.