பட்டையின் உயரத்தை நம்பும் முன் அச்சைப் படியுங்கள்

பணம் போடச் சொல்லி வரும் முகவர் டேப்லெட்டைத் திறந்து ஒரு பட்டை வரைபடத்தைக் காட்டுகிறார். நான்கு ஆண்டு, நான்கு பட்டை. முதல் பட்டையைவிடக் கடைசிப் பட்டை மூன்று மடங்கு உயரம். “கம்பெனி எப்படி வளர்ந்திருக்கு பாருங்க சார்!” என்கிறார். இடது ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் எண்களை அவர் விரல் தொடுவதே இல்லை. அவை 94-ல் தொடங்கி 100-ல் முடிகின்றன. விற்பனை 96 கோடியிலிருந்து 100 கோடிக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். நான்கு சதவீதத்தைச் சற்றே தாண்டிய வளர்ச்சி கண்ணுக்கு மூன்று மடங்காகத் தெரிகிறது. அச்சு பூஜ்ஜியத்தில் தொடங்கியிருந்தால் நான்கு பட்டைகளும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நின்றிருக்கும்.

இதை யாரும் வேண்டுமென்றே செய்திருக்க வேண்டியதில்லை. எக்செல் தன்னிச்சையாகவே இப்படிப் போடும். பெரிய எண்ணுக்கும் சிறிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம், பெரிய எண்ணில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால், செங்குத்து அச்சின் தொடக்கத்தைப் பூஜ்ஜியத்திலிருந்து மேலே ஏற்றிவிடும். கோட்டு வரைபடத்துக்கு இது பெரும்பாலும் நல்லதுதான். உடல் வெப்பத்தையோ தங்க விலையையோ பூஜ்ஜியத்திலிருந்து வரைந்தால் ஏற்ற இறக்கமே தெரியாது. பட்டை வரைபடத்தின் கதை வேறு. அதில் நீளம்தான் அளவு. அடியை வெட்டினால் அளவே பொய்யாகிவிடும். அலுவலகத்தில் அறிக்கை தயாரிப்பவர்கள், அச்சின் மேல் வலது கிளிக் செய்து ‘ஃபார்மட் ஆக்சிஸ்’ திறந்து, ‘மினிமம்’ கட்டத்தில் 0 என்று எழுதினால் போதும். பவர் பிஐ மென்பொருளிலும் ஒய் அச்சின் வீச்சை இப்படி நாமே நிர்ணயிக்கலாம். டேப்லோவில் அச்சைத் திருத்தும் இடத்தில் பூஜ்ஜியத்தைச் சேர்க்கும் தேர்வு இருக்கிறது. ‘சாஃப்ட்வேர் அப்படித்தான் போட்டது’ என்பதை நான் ஒரு பதிலாக ஏற்கமாட்டேன். படத்தைப் பிறர் கையில் கொடுப்பவரே அதற்குப் பொறுப்பு.

கிடை அச்சையும் விட்டுவிடக் கூடாது. 2020 மே மாதம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை வெளியிட்ட கொரோனா வரைபடத்தில் தேதிகள் வரிசைப்படி இல்லாமல், உயரமான பட்டை முதலில் வரும்படி அடுக்கப்பட்டிருந்தன. தொற்று நாளுக்கு நாள் குறைவதுபோல் தோன்றியது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு படம் திருத்தப்பட்டது.

முதலீட்டாளர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து, பார்த்தவுடன் நேர்மையாகத் தெரியும் படத்தில்தான் இருக்கிறது. சென்செக்ஸின் நாற்பதாண்டுப் பயணத்தைப் பூஜ்ஜியத்திலிருந்து 80,000 வரை சாதாரண அச்சில் வரைந்து காட்டுகிறார்கள். எண்கள் சரி, அச்சும் பூஜ்ஜியத்தில்தான் தொடங்குகிறது. ஆனால் 2008-ஐத் தேடிப் பாருங்கள். அந்த ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சந்தை, அக்டோபரில் 9,000-க்கும் கீழே போனது. பாதிக்கு மேல் போய்விட்டது. பலர் ஓய்வூதியப் பணத்தை இழந்து நின்ற காலம் அது. படத்திலோ அது மொத்த உயரத்தில் ஏழில் ஒரு பங்கு அளவுக்கு ஒரு சின்னச் சரிவு. பழைய வீழ்ச்சிகளெல்லாம் கோட்டோடு கோடாக ஒட்டிக்கிடக்கின்றன. பார்ப்பவர், சந்தையில் பணம் போட்டால் ஏறத்தான் செய்யும் என்று நினைத்துக்கொள்கிறார். இதே எண்களை மடக்கை அச்சில் (லாக் ஸ்கேல்) வரைந்தால், ஒரே சதவீதச் சரிவு எந்த ஆண்டில் நடந்தாலும் ஒரே ஆழத்தில் தெரியும். நீண்ட காலப் படத்தைக் காட்டுபவரிடம் மடக்கை அச்சில் காட்டச் சொல்லுங்கள். முடியாது என்றால், அதிகபட்ச வீழ்ச்சி எத்தனை சதவீதம், மீண்டு வர எத்தனை மாதம் ஆனது என்று எண்ணாகவே எழுதி வாங்குங்கள்.

படம் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதும் முக்கியம். 2020 மார்ச் மாதச் சரிவின் அடியிலிருந்து கோட்டைத் தொடங்கினால் எந்த ஃபண்டும் தங்கச் சுரங்கமாகத் தெரியும். இதைத் தடுக்கத்தான் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதி இருக்கிறது: மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தில் கடந்தகால வருமானத்தைக் காட்டினால், ஓராண்டு, மூன்றாண்டு, ஐந்தாண்டு, தொடக்கம் முதல் என நான்கு காலத்துக்கும் காட்ட வேண்டும், ஒப்பீட்டுக் குறியீட்டையும் பக்கத்தில் வைக்க வேண்டும். லாபத்துக்கு உத்தரவாதம் தருவதுபோல் எழுதக் கூடாது. சந்தையோடு இணைந்த யூலிப் காப்பீட்டில் 4%, 8% என இரண்டு கணக்கில் காட்டப்படும் பலன்களும் உதாரணம் மட்டுமே, உறுதியல்ல. எட்டு சதவீதக் கோட்டை மட்டும் வரைந்து காட்டினால் மற்றதையும் கேளுங்கள்.

படத்தைப் பார்த்து ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் என்ன செய்வது? முதலில் அந்தப் படத்தைப் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததாக இருந்தால் தேதியோடு ஸ்கிரீன்ஷாட், கையேடாக இருந்தால் அச்சின் எண்கள் தெரியும்படி புகைப்படம். புகாரில் ‘தவறாகக் காட்டினார்கள்’ என்று பொதுவாக எழுதினால் எடுபடாது. ‘அச்சு 94-ல் தொடங்குகிறது, உண்மை வளர்ச்சி நான்கு சதவீதம், படத்தில் மூன்று மடங்கு’ என்று எண்ணோடு எழுதுங்கள்.

பங்கு, ஃபண்ட் என்றால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். தீரவில்லையென்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் பதிவு செய்யுங்கள். நிறுவனம் 21 நாட்களுக்குள் நடவடிக்கை எடுத்து அறிக்கை தர வேண்டும். விவரம் கேட்கக் கட்டணமில்லா எண் 1800 22 7575, தமிழிலும் பேசலாம். விளம்பரமே தவறானது என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு வரும். வங்கி, நிதி, காப்பீட்டுச் சேவைகளும் அதற்குள் அடக்கம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடு கேட்பதானால் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். காப்பீட்டுப் பாலிசியாக இருந்தால் இன்னும் எளிது: பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். அந்த நாட்களுக்கான காப்பீட்டுக் கட்டணம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம் போக மீதிப் பணம் திரும்ப வரும்.