தோலோடு பேசுவோம் – 9: ஒரே வாரத்தில் வெளுக்கும் முகம்

சென்ற வாரம் சோப்பிலுள்ள காரம் தோலை எப்படி வறளச் செய்கிறது என்று பார்த்தோம். அந்தத் தொல்லை தோலோடு நின்றுவிடும். இந்த வாரம் பார்க்கப்போகும் பொருள் முகத்தில் பூசப்பட்டு சிறுநீரகத்தைத் தாக்குவது. அதுதான் பாதரசம்.

கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது கோட்டக்கல். அங்குள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ‘மெம்பிரேனஸ் நெஃப்ரோபதி’ என்ற நோய் கண்ட 22 பேரை ஆராய்ந்தார்கள். காலில் வீக்கம், அசதி, நுரை நுரையாகப் போகும் சிறுநீர் ஆகியவை இந்நோயின் அறிகுறிகள். 22 பேரில் 15 பேருக்கு இருந்தது, ‘நெல்-1’ என்ற புரதத்தோடு தொடர்புடைய அரிய வகை. காரணத்தைத் தேடி விசாரித்தபோது, அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசி வந்தது தெரிந்தது. ஒருவருக்கு மூளையின் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் அளவுக்குப் போயிருந்தது. ‘கிட்னி இன்டர்நேஷனல்’ இதழில் இந்த ஆய்வு வெளிவந்தது.

கிரீமில் பாதரசத்துக்கு என்ன வேலை? நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதைத் தயாரிக்க டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். பாதரச உப்பு அந்த நொதியை முடக்கிவிடுகிறது. மெலனின் குறைகிறது, முகம் வெளுக்கிறது. விலை மலிவு, பலன் விரைவு. கலப்பவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

பூசிய பாதரசம் தோல் வழியே ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் சேர்கிறது. அங்கே ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய முடிச்சுகள் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் உண்டு. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் தடுமாறி இந்த வடிகட்டிகளையே தாக்கத் தொடங்கும்போது, ஓட்டை விழுந்த சல்லடைபோல அவை புரதத்தைச் சிறுநீரில் ஒழுக விடுகின்றன. ஆறுதலான செய்தியும் உண்டு. கோட்டக்கல் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு கிரீமை நிறுத்தியதும் நோய் தணிந்தது.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. கென்யாவின் நைரோபியில் சிறுநீரில் புரதம் ஒழுகிய 60 பேரை ஆராய்ந்த மருத்துவர்கள், அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பாதரசம் கலந்த வெளுப்பு கிரீம் பூசியவர்கள் என்று எழுதியது 1972-ல். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அதே கிரீம், அதே நோய். என்னை உறுத்துவது இதுதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. இந்தியாவின் 2020 அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, கண்ணுக்கான பூச்சுகள் நீங்கலாக மற்றவற்றில் தற்செயலாகக் கலந்த பாதரசம்கூட 1 பி.பி.எம்.-ஐ, அதாவது ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. பல நாட்டுச் சந்தைகளில் பிடிபட்ட கிரீம்களிலோ அது ஆயிரக்கணக்கில் இருந்திருக்கிறது. பாதரசம் கலந்த அழகுசாதனங்களை 2025-க்குள் அடியோடு ஒழிப்பது என்று மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-ல் முடிவெடுத்தன. ஆனாலும் இந்தச் சரக்கு முறையான கடை வழியாக மட்டும் வருவதில்லை. ஆன்லைனில் வருகிறது, ஊருக்கு வருபவரின் பெட்டியில் வருகிறது, பார்லரில் பெயரே இல்லாத டப்பாவில் வருகிறது.

எனவே டப்பாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். தயாரித்தவரின் பெயர், முகவரி, பேட்ச் எண், உரிம எண், உள்ளடக்கப் பட்டியல் எல்லாம் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவரின் முகவரியும் பதிவுச் சான்றிதழ் எண்ணும் வேண்டும். ‘கலோமெல்’, ‘மெர்குரஸ் குளோரைடு’, ‘அமோனியேட்டட் மெர்குரி’ என்று கண்டால் அதுதான் பாதரசம். ‘தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும்’ என்று எழுதியிருந்தாலும் உஷாராகுங்கள். பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக் கலந்துவிடும் என்பதால் வரும் எச்சரிக்கை அது. எந்த எழுத்தும் இல்லாத டப்பாவை வாங்கவே வேண்டாம். ஒரே வாரத்தில் முகம் வெளுத்தால் மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

பூசுபவரோடு ஆபத்து நிற்பதில்லை. பாதரசம் ஆவியாகும். துண்டிலும் தலையணை உறையிலும் ஒட்டும். அம்மாவின் கன்னத்தோடு கன்னம் வைத்துத் தூங்கும் குழந்தைக்கும் அதில் பங்கு போகிறது. கருவுற்றிருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வயிற்றுப் பிள்ளையையும் அது எட்டும்.

ஏற்கெனவே பூசி வந்தவர்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெண் பார்க்க வருபவர்கள் முதலில் நிறத்தைக் கேட்கும் ஊரில், ஒரு பெண் கிரீம் வாங்குவதைக் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். குற்றம் விற்பவருடையது. கிரீமை இன்றே நிறுத்துங்கள். டப்பாவைத் தூக்கி எறியாமல் பாலிதீன் கவரில் கட்டி மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கும் பரிசோதனை எளியது, செலவும் குறைவு. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் புகார் கொடுங்கள். மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கால் வீங்கி வருபவரிடம் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கும்போது, முகத்துக்கு என்ன போடுகிறீர்கள் என்றும் கேளுங்கள்.

(அடுத்த வாரம்: மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் ஸ்டீராய்டு களிம்புகள்)