விருந்தாளியின் ஈரலும் நாட்டின் பெயரும்

அறுகம்பேயில் அலைச்சறுக்குப் பருவம் நடக்கும் மாதங்களில் பொத்துவில், உல்லைப் பகுதிகளில் அறைகளை வாடகைக்கு விடும் குடும்பங்களும், புலம்பெயர்ந்த உறவினரின் வெளிநாட்டு நண்பரை நாவிதன்வெளி போன்ற உள்ளூர்களில் விருந்தாளியாக ஏற்கும் குடும்பங்களும் ஒரே கேள்வியை எழுப்புவதுண்டு. உள்ளூர்க்காரர் ஒருவரை நிலத்தில் சாய்த்துவிடக்கூடிய அளவைக் குடித்த பின்னரும் அந்த மனிதர் தெளிவாகப் பேசுகிறார், நேராக நடக்கிறார், காலையில் சாப்பாட்டுக்கும் வந்துவிடுகிறார். இது எப்படி இயலுகிறது என்பதே அக்கேள்வி. அதற்கான பதிலும் ஆயத்தமாகவே இருக்கிறது: அவர்கள் குளிர்நாட்டுக்காரர், அந்த நாட்டு உடம்பு அப்படித்தான். வயிற்றுக்குள் சென்ற அளவு, ஈரல் அதை அகற்றும் வேகம், மூளை அதற்குப் பழகியிருக்கும் விதம் ஆகிய மூன்றும் வெவ்வேறானவை என்பதை மறந்து, மூன்றுக்கும் சேர்த்து ஒரு நாட்டின் பெயரைச் சூட்டிவிடுவதே இந்தப் பதிலின் பிழை.

இம்மூன்றில் ஈரலின் வேகமே மிகவும் வியப்புக்குரியது. பெரும்பாலான மருந்துகள் குருதியில் எவ்வளவு அதிகமாக இருக்கின்றனவோ அவ்வளவு விரைவாக வெளியேற்றப்படுகின்றன, மதுசாரம் அப்படியல்ல. அதனை முதலில் சிதைக்கும் அல்ககோல் டிஹைட்ரஜனேஸ் என்னும் நொதியம் மிகக் குறைந்த செறிவிலேயே நிறைந்துவிடுவதால், அதற்கு மேல் எவ்வளவு குடித்தாலும் வேலையின் வேகம் கூடுவதில்லை. சம்மாந்துறைப் பக்கத்து நெல் ஆலை ஒன்றை இதற்கு ஒப்பிடலாம். அறுவடைக் காலத்தில் பத்து மூடை வந்தாலும் நூறு மூடை வந்தாலும் உமி நீக்கும் இயந்திரத்தின் வாய் ஒரே அளவுதான். மிகுதி மூடைகள் தெருவில் வரிசையாகக் காத்துக் கிடக்கும், குருதியே அந்தத் தெரு. நெல்லிலிருந்து உமி நீங்குவதைப் போல மதுசார மூலக்கூற்றிலிருந்து ஐதரசன் நீக்கப்படுகிறது. அந்த உமியை அள்ளிக் கொண்டுபோகும் கடகம் என்ஏடி என்னும் துணைமூலக்கூறு, நிரம்பிய கடகங்கள் வெறுமையாகித் திரும்பும்வரை இயந்திரம் விரைவாக ஓட முடியாது. கடுங்கோப்பி ஆலைக்காரரைத் தட்டி எழுப்பக்கூடும், ஆனால் இயந்திரத்தின் வாயை அகலமாக்காது. குளிர்ந்த நீரில் குளிப்பது தெருவில் நிற்கும் மூடைகளில் ஒன்றைக்கூடக் குறைக்காது. வளர்ந்த ஒருவரின் ஈரல் மணிக்கு ஏறத்தாழ 7 கிராம் மதுசாரத்தை அகற்றுகிறது. குருதியின் 100 மில்லிலீற்றரில் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் குறைகிறது. ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாடு நாட்டுக்கு நாடு உள்ள வேறுபாட்டை விழுங்கிவிடும் அளவுக்குப் பெரியது. உள்ளே வந்தது ஸ்கொட்லாந்து விஸ்கியா, தென்னஞ் சாராயமா, இதே அம்பாறை மாவட்டத்தின் ஹிங்குராணையில் கரும்புப் பாகுக் கழிவிலிருந்து வடிக்கப்படும் எதனோலா என்று அந்த இயந்திரம் பார்ப்பதுமில்லை. எல்லாம் ஒரே மூலக்கூறே.

உமி நீங்கிய அரிசியை அடுத்த இயந்திரம் தீட்டித் தவிட்டை அகற்றுவதுபோல, முதற்படியில் உருவாகும் நச்சுத்தன்மை மிக்க அசற்றல்டிஹைட்டை இரண்டாவது நொதியம் தீங்கற்ற அசற்றேற்றாக மாற்றுகிறது. நான்கு துணை அலகுகள் சேர்ந்து இயங்கும் இந்த இரண்டாவது இயந்திரத்தில் பழுதான அலகு ஒன்று சேர்ந்தாலும் முழு இயந்திரத்தின் வேலையும் பெரிதும் தளர்ந்துவிடுவதால், பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பழுதான பரம்பரை அலகைப் பெற்றவருக்கும் அரைகுறையாகத் தீட்டிய அரிசி ஆலைத் தரையில் குவிந்து, முகம் சிவக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, குமட்டல் எடுக்கிறது. சீனா, ஜப்பான், கொரியா ஆகிய நாடுகளின் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அல்லது சற்று அதிகமானோர் இந்த மாற்றத்தைக் கொண்டிருக்கின்றனர். ஐரோப்பியரிடமும் தென்னாசியரிடமும் அது அரிது. குடியைப் பொறுத்தவரை பரம்பரையின் செல்வாக்கு ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்ட தலையாய எடுத்துக்காட்டு இதுவே. ஆனால் இது யாருக்கும் குடிக்கும் ஆற்றலைக் கொடுப்பதில்லை, தடையையே இடுகிறது; இந்த மாற்றத்துடனேயே தொடர்ந்து குடிப்பவருக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் ஆபத்து மிக அதிகம். ஒரே ஜப்பானியக் குடும்பத்தில் அண்ணனுக்கு இருந்து தம்பிக்கு இல்லாமலும் போகலாம். ஆகவே 'குடிகாரப் பரம்பரை அலகு கண்டுபிடிப்பு' என்று தலைப்பிட்டு வரும் செய்திகளையும், எச்சில் மாதிரியை அனுப்பினால் ஒருவரின் குடி எல்லையைச் சொல்லித் தருவதாக விளம்பரம் செய்யும் பரிசோதனைகளையும் இந்த அளவுகோலைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

நாளும் அதிகமாகக் குடிப்பவரின் ஈரல் கொல்லைப்புறத்தில் இன்னொரு சிறிய ஆலையையும் திறக்கிறது. சைட்டோகுரோம் குடும்பத்தைச் சேர்ந்த நொதியம் ஒன்று அவர்களிடம் பெருகுவதால் மதுசாரம் வழமையைவிட விரைவாக அகலுகிறது; இதனைச் சார்ள்ஸ் லீபரும் லியோனோர் டிகார்லியும் 1968இல் விளக்கினர். ஆனால் அந்தக் கொல்லை ஆலை ஓடும்போது பொறி பறக்கிறது, அதாவது கலங்களைச் சிதைக்கும் தனியுறுப்புகள் உருவாகின்றன. பரசிற்றமோலின் ஒரு பகுதியும் அதே ஆலைக்குள் சென்று ஈரலைத் தாக்கும் நஞ்சாக மாறுவதால், காலையில் தலையிடிக்கிறது என்று சொல்லும் விருந்தாளிக்கு வீட்டில் இருக்கும் பனடோலைக் கணக்கில்லாமல் எடுத்துக் கொடுப்பது ஆபத்தானது. இந்தச் சிறிய ஆலை போலந்துக்காரருக்கும் திறக்கும், பாண்டிருப்புக்காரருக்கும் திறக்கும். அதைத் திறப்பது குடிப்பழக்கம், கடவுச்சீட்டு அல்ல.

குருதியிலுள்ள மதுசாரச் செறிவை அளந்தறிந்த வரலாற்றைப் பொறுத்தவரை இரண்டு பெயர்கள் போதும். சுவீடனைச் சேர்ந்த எரிக் விட்மார்க் குடித்த அளவு, உடல் எடை, உடலிலுள்ள நீரின் விகிதம் ஆகியவற்றிலிருந்து குருதிச் செறிவைக் கணிக்கும் சமன்பாட்டை 1932இல் நூலாக்கினார். நாய்களைக் கொண்டு ஆராய்ந்த இங்கிலாந்தின் எட்வர்ட் மெலன்பி, குருதியில் ஒரே செறிவு இருந்தாலும் அது ஏறிச் செல்லும்போது தள்ளாட்டம் அதிகமாகவும் இறங்கி வரும்போது குறைவாகவும் இருப்பதை 1919இல் காட்டினார்.

விட்மார்க்கின் சமன்பாடு விருந்தாளியின் புதிரில் ஒரு பெரும் பகுதியை உடனே அவிழ்த்துவிடுகிறது. இலங்கையில் 'ஸ்ட்ரோங்' என்று விற்கப்படும் 8.8 வீத பியரின் 625 மில்லிலீற்றர் போத்தல்கள் இரண்டில் ஏறத்தாழ 87 கிராம் மதுசாரம் உண்டு. இதனை 60 கிலோ எடையுள்ள ஆண் குடித்தால், இடையில் அகன்றதைக் கழிக்காமல் பார்க்கும்போது, அவரது குருதியின் 100 மில்லிலீற்றரில் சுமார் 213 மில்லிகிராம் சேரும். 95 கிலோ எடையுள்ள விருந்தாளியிடம் அது 134 மில்லிகிராம் மட்டுமே. முன்னவரிடம் அது முற்றாக அகலப் பதினான்கு மணித்தியாலங்களும் பின்னவரிடம் ஒன்பதும் ஆகும். இனமும் நாடும் இந்தக் கணக்கில் எங்கும் நுழையவில்லை, எடை ஒன்றே நுழைந்தது. தம் நாட்டில் 5 வீத பியருக்குப் பழகியவர் இங்குள்ள போத்தலையும் அதே கணக்கில் குடிக்கும்போது, தாம் எண்ணியதைப்போல ஏறத்தாழ இருமடங்கை உட்கொள்கிறார் என்பதும் இதே கணக்கிலிருந்து தெரிகிறது.

நாடுகளைப் பற்றிய பெயர்களைப் புள்ளிவிவரமும் தாங்கிப் பிடிப்பதில்லை. பிரான்சில் 1960களின் தொடக்கத்தில் வளர்ந்த ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 26 லீற்றர் தூய மதுசாரம் என்றிருந்த நுகர்வு இன்று அதில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. குடிக்குப் பெயர்போன ரஷ்யாவில் 2003க்கும் 2016க்கும் இடையில் அது 43 வீதம் குறைந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. இரண்டு தலைமுறைக்குள் ஒரு நாட்டின் பரம்பரை அலகுகள் மாறிவிடுவதில்லை. மாறியவை வரி, விற்பனை நேரம், வேலை, வழக்கம் ஆகியவையே. சராசரி என்னும் எண்ணும் ஏமாற்றக்கூடியது. ஒரு சமூகத்தில் பலர் சிறிதளவும் சிலர் மிகப் பெருமளவும் குடிப்பதால் குடியின் பரம்பல் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும் என்பதை பிரெஞ்சு மக்கள்தொகையியலாளர் சுல்லி லெடர்மான் 1956இல் எடுத்துக்காட்டினார். இலங்கைக்கு 2016இல் கணிக்கப்பட்ட ஆளொன்றுக்கு 4.3 லீற்றர் என்பது, பெண்களில் மிகப் பெரும்பாலானோரும் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் போன்ற முஸ்லிம் ஊர்களின் மக்களில் பெரும்பாலானோரும் தொடாத ஒன்றை எல்லோருக்கும் பங்கிட்டு எழுதிய எண்; உண்மையில் குடிப்பவரின் பங்கு அதைவிட எவ்வளவோ பெரிது. வெளிநாட்டாரைப் பற்றி இங்கு சொல்லப்படும் பொதுமைப்படுத்தலின் அதே அச்சில் வார்த்ததே மலையகத் தோட்டத் தொழிலாளரைக் குடிகாரர் என்று சொல்லும் நீண்டகால வழக்கமும். அது கடும் உழைப்பையும் குறைந்த கூலியையும் லயன் வாழ்க்கையையும் பேச்சிலிருந்து அகற்றி, குறையை மக்களின் இயல்பாக்கிவிடுகிறது. இந்த அநீதியைத் தமிழ்ச் சமூகம் தன் வாயாலேயே செய்துவருகிறது என்பது வருந்தத்தக்கது.

எஞ்சுவது மூளை. அதிகம் குடித்தும் நிலைதளராதவர் மதுசாரத்தை வென்றவர் அல்லர். அவரது நரம்புக் கலங்கள் மதுசாரத்தின் அமைதிப்படுத்தும் விளைவுக்கு எதிராக, தணிக்கும் வாங்கிகளின் உணர்திறனைக் குறைத்தும் தூண்டும் வாங்கிகளைப் பெருக்கியும் தம்மை மாற்றிக்கொண்டிருக்கின்றன. பேச்சு தெளிவாக இருக்கும்போதே குருதியில் மதுசாரம் உயர்ந்திருக்கும், ஆதலால் அந்தத் தெளிவை நம்பி அவரிடம் மோட்டார் சைக்கிள் சாவியைக் கொடுப்பதோ கடலில் இறங்க விடுவதோ தவறு. இதைவிட முக்கியமானது, மது புழங்காத ஒரு வீட்டில் மரியாதையின் பொருட்டு அவர் திடீரென்று குடியை நிறுத்தும்போது நடப்பது. பல ஆண்டுகள் நாள்தோறும் பெருமளவு குடித்தவரிடம் மதுசாரம் என்னும் எதிரெடை நீங்கியதும் தூண்டல் மட்டும் எஞ்சுவதால், கடைசியாகக் குடித்து 6 முதல் 24 மணித்தியாலங்களுக்குள் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். 48 மணித்தியாலங்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாட்களில் இல்லாதது தோன்றும் மனக்குழப்பமும் காய்ச்சலும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்தாகும். இதனை மலேரியா என்றோ வெயிற்தாக்கம் என்றோ பேய்க்குணம் என்றோ எண்ணிக் காத்திருக்காமல், 1990 என்னும் அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலைக்கோ அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கோ அவரைக் கொண்டுசெல்ல வேண்டும். நம் வீட்டு விருந்தாளி குடிப்பவர் என்று சொல்ல நேரும் கூச்சத்தில் வீட்டார் அதை மறைத்துவிடக் கூடாது. அமைதிப்படுத்தும் மருந்தின் அளவையும், குளுக்கோசு ஏற்றும் முன்னர் தயமின் என்னும் உயிர்ச்சத்து கொடுக்கப்பட வேண்டுமா என்பதையும் வைத்தியர் முடிவு செய்வது, அவர் எவ்வளவு காலம் எவ்வளவு குடித்தார், கடைசியாக எப்போது குடித்தார் என்ற விவரங்களைக் கொண்டே.