தாம்பாளமா ஓட்டை?

குத்துவிளக்கின் அடியில் ஒரு தாம்பாளம் வைப்பது உங்கள் வீட்டிலும் உண்டல்லவா? மறுநாள் காலையில் பார்த்தால் அதில் எண்ணெய் நிற்கும். அதற்காகத் தாம்பாளத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. திரி உறிஞ்சிய எண்ணெய் அகலின் விளிம்பைத் தாண்டி, தண்டோடு தண்டாக இறங்கி அடியில் வந்து தேங்குகிறது என்பது நமக்குத் தெரியும். இந்தச் சின்ன சமாசாரத்தைக் கொண்டு ஸ்ரீரங்கத்து மாமி ஒருத்தி ஒரு மோட்டார் வண்டியையே காப்பாற்றினாள் என்றால் நம்புவீர்களா?

வண்டி, டீசல் அம்பாஸிடர். உத்தரபாராத் தொழிற்சாலையில் 2014-ம் ஆண்டோடு அதன் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனாலும் அதை வீட்டு மனிதரைப் போல வைத்துப் போற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் சொல்லும் வீட்டில் இரண்டு பெண்களும் கல்யாணமாகிப் புறப்பட்டது அந்த வண்டியில்தான்.

சில மாதங்களாக அது காலை வேளையில் அடம் பிடிக்க ஆரம்பித்தது. சாவியைத் திருப்பினால் ஒரு நிமிஷம் இருமும், வெள்ளைப் புகை விடும், பிறகுதான் கிளம்பும். நிற்கும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் வேறு. வாசலில் கோலம் போட உட்கார்ந்தால் டீசல் வாடைதான் மூக்கில் ஏறும். ஒரு பட்டறையில் காட்டினார்கள். "பம்பு ஒழுகுகிறது; கழற்றி அனுப்ப வேண்டும்; 15,000 ரூபாய் ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். மாமா யோசித்தார். எடைக்குப் போட்டுவிடலாம் என்று முடிவு கட்டினார்.

இந்த இடத்தில் டீசல் இஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்து கொள்ளுங்கள். பெட்ரோல் இஞ்சினைப் போல் இதில் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக்கி அழுத்தினாலே அது கொதிக்கக் கொதிக்கச் சூடாகிவிடும். அதன்மேல் டீசலைப் பன்னீர் தெளிப்பது போலப் பீய்ச்சினால் தானே பற்றிக் கொள்ளும். 1897-ல் ருடால்ஃப் டீசல் ஜெர்மனியில் ஓட்டிக் காட்டிய தத்துவம் இதுதான். டாங்கிலிருந்து ஒரு சின்ன பம்பு எண்ணெயை இழுத்து, வடிகட்டி வழியாகப் பெரிய பம்புக்குக் கொடுக்கிறது. பெரிய பம்பு அதை மெல்லிய எஃகுக் குழாய்கள் வழியாக உள்ளே பீய்ச்சுகிறது. அந்தப் பாதையில் காற்று மட்டும் நுழையக் கூடாது. ஓடும்போது எண்ணெய் வெளியே கசியும் இடம் ஒன்று இருந்தால், வண்டி நின்ற பிறகு அதே வழியாகக் காற்று உள்ளே புகும், எண்ணெய் பின்வாங்கிவிடும். ஆக, வாசலில் ஈரமும் காலை நேரத்து இருமலும் ஒரே நோய்தான்.

மாமிக்கு இந்தத் தத்துவம் ஒன்றும் தெரியாது. அவள் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி: "ஏன்னா, பம்பு நனைஞ்சிருக்கு, சரி. பம்புலேர்ந்துதான் ஒழுகறதுன்னு யார் பார்த்தா? தாம்பாளத்துல எண்ணெய் நின்னா தாம்பாளமா ஓட்டை?"

மாமாவுக்குச் சுருக்கென்றது. வேலையை விட்டு ஓய்ந்திருந்த ஒரு பழைய மேஸ்திரியை அழைத்து வந்தார்கள். அவர் வந்ததும் ஸ்பானரைத் தொடவில்லை. தூரிகையால் எல்லாவற்றையும் கழுவி, பழந்துணியால் ஈரமறத் துடைத்தார். பிறகு, "அம்மா, மூஞ்சிக்குப் போடுற பவுடர் இருக்குங்களா?" என்றார்! அதைப் பம்பின்மேலும் குழாய்கள்மேலும் தூவிவிட்டு, சின்ன பம்பிலுள்ள நெம்புகோலைக் கையால் அடிக்கத் தொடங்கினார். வெள்ளைப் பவுடரில் ஒரு கறுப்புக் கோடு மெல்ல இறங்கியது. பம்பிலிருந்து அல்ல, அதற்கு மேலே, வடிகட்டியின் தலையில் குழாய் சேரும் போல்ட்டிலிருந்து. அங்கே கசிந்தது குழாயோடு வழிந்து பம்பின்மேல் சொட்டிக் கொண்டிருந்தது.

மற்ற குழாய்களையும் பார்த்துவிடலாமென்று இஞ்சினை ஓட விட்டார்கள். பிள்ளையாண்டான் ஆர்வத்தோடு எஃகுக் குழாயைத் தடவிப் பார்க்கக் கை நீட்டினான். மேஸ்திரி அவன் கையை ஓங்கித் தட்டிவிட்டார். தட்டியது நியாயம்தான். கார் டயரில் இருக்கும் காற்றைப் போல ஐம்பது மடங்குக்கு மேற்பட்ட அழுத்தம் அந்தக் குழாய்களில் உண்டு. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பிலிருந்து வரும் பீச்சு, ஊசி போட்டது போலத் தோலுக்குள் டீசலை ஏற்றிவிடும். முதலில் சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட அதிகம் இராது. சில மணி நேரத்துக்குள் உள்ளே சதை கெடத் தொடங்கும்; விரலையோ கையையோ இழக்க நேரிடலாம். அப்படி நேர்ந்தால் மஞ்சளை வைத்துக் கட்டிக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். டீசல் ஏறியது என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். குழாயைச் சோதிக்க அட்டைத் துண்டு போதும். கை கூடவே கூடாது.

இஞ்சினை நிறுத்தி அந்தப் போல்ட்டைக் கழற்றினார். குழாயின் இரு புறமும் ஒவ்வொரு செம்பு வாஷர். செம்பு மெதுவாக இருக்கும்வரை நசுங்கி இடைவெளியை அடைக்கும். பல தடவை இறுக்கினால் கெட்டிப்பட்டுவிடும். யாரோ பலசாலி முறுக்கியதில் இவை ஓரமாகக் கோணியும் இருந்தன. சில்லறைக் காசுக்குப் புது வாஷர்கள் வந்தன. சேரும் முகங்களைத் துடைத்து, அளவோடு இறுக்கினார். பிறகு போல்ட்டைச் சற்றே தளர்த்தி நெம்புகோலை அடித்தார், நுரை வந்தது. நுரை நின்று சுத்தமான எண்ணெய் வந்ததும் இறுக்கினார். இதைத்தான் 'ஏர் எடுப்பது' என்கிறார்கள்.

எல்லா வண்டிக்கும் வாஷரோடு போய்விடும் என்று நினைக்க வேண்டாம். பம்பே ஒழுகுவதும் உண்டுதான். இன்னொன்று: இஞ்சின் ஆயிலைக் கம்பியில் பார்க்கும்போது அளவு குறைவதற்குப் பதில் கூடியிருந்தால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். சின்ன பம்பின் உள்ளே தோல் கிழிந்து டீசல் ஆயிலில் கலக்கிறது என்று அர்த்தமாகலாம். அந்த வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

வாசலில் சிந்திய டீசலைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் பரவி வழுக்கும். மரத்தூளைப் போட்டு ஊறவிட்டுக் கூட்டியெடுத்து, பிறகு சோப்புத் தண்ணீர் விட்டால் போதும். மாமி அப்படித்தான் செய்தாள். அன்றிரவு வண்டியின் அடியில் ஒரு செய்தித்தாளை விரித்து வைத்தார் மாமா. விடிந்ததும் சாவியைத் திருப்பினார். வண்டி உடனே கிளம்பிற்று. மாமி குனிந்து காகிதத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. மடித்துப் பழைய பேப்பர்க்காரனுக்கு வைத்துவிட்டு, கோலப்பொடியை எடுத்துக் கொண்டு வாசலுக்கு வந்தாள்.